பலகையும் பெயரும்: சீனச் சடங்கு விவகாரம் பற்றி

1

சீனக் குடும்பங்களில் மூத்தவர் ஒருவர் இறந்தால் அவருக்கென்று ஒரு மரப்பலகை செய்வது வழக்கம். சிறிய பலகைதான். அடியில் ஒரு பீடம், நடுவில் மேலிருந்து கீழாக இறந்தவரின் பெயரும் பட்டமும். பெயருக்குக் கீழே 'ஷென் ஜு' என்று இரண்டு எழுத்துக்கள். ஷென் என்றால் ஆவி. ஜு என்றால் தலைவன், எஜமானன், வீட்டுக்குரியவன். இந்த 'ஜு'வை முதலில் முழுதாக எழுதமாட்டார்கள். அதன் உச்சியில் இருக்கவேண்டிய புள்ளியை மட்டும் விட்டுவைப்பார்கள். புள்ளி இல்லாதபோது அது 'வாங்' என்ற வேறு எழுத்து. அரசன் என்று பொருள். ஈமச் சடங்கின்போது படித்த, பதவியிலிருக்கிற பெரியவர் ஒருவரை மரியாதையோடு அழைத்து வந்து, அவர் கையால் சிவப்பு மையில் அந்தப் புள்ளியை வைக்கச் சொல்வார்கள். புள்ளி விழுந்தபின் அது வெறும் மரமல்ல. இறந்தவர் அதில் வந்து அமர்ந்துவிட்டார்.

உண்மையில் அமர்ந்தாரா? அமர்ந்ததாக அந்த வீட்டார் நம்புகிறார்களா, அல்லது அமர்ந்ததாகப் பாவிக்கிறார்களா? இந்தக் கேள்விக்கு விடை சொல்ல ரோமாபுரி 1645-லிருந்து 1939 வரை, ஏறக்குறைய 300 வருஷம் எடுத்துக்கொண்டது. அதற்குள் ஒரு போப்பாண்டவர் தூதர் மக்காவ் காவலில் இறந்தார், ஒரு பேரரசர் மனம் கசந்தார், ஒரு தேசத்தின் படித்த வர்க்கம் கிறிஸ்தவத்திலிருந்து ஒதுங்கியது. வரலாற்றாசிரியர்கள் இதைச் சீனச் சடங்கு விவகாரம் என்கிறார்கள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கிறிஸ்தவக் கடவுளுக்குச் சீன மொழியில் நிலைத்துவிட்ட கத்தோலிக்கப் பெயர் 'தியன் ஜு', வானத்தின் தலைவன். மூதாதையர் பலகையில் புள்ளிக்காகக் காத்திருக்கிற அதே ஜுதான் கடவுளின் பெயரிலும் இருக்கிறது. எந்த எழுத்தைப் பலகையிலிருந்து அழிக்கச் சொன்னார்களோ அதே எழுத்தைக் கோயில் முகப்பில் எழுதிக்கொள்ள வேண்டியிருந்தது.

இதை ஒரு மதப் பிரச்னையாக மட்டும் நான் எடுத்துக்கொள்ளவில்லை. குறியீடு, படிமம் என்ற சொற்களை நாம் மிகத் தாராளமாகப் புழங்குகிறோம். ஒரு குறியீட்டின் அர்த்தம் என்ன, அதை யார் தீர்மானிப்பது என்ற கேள்வி மனிதர்களின் வாழ்க்கையையே புரட்டிப்போட்ட சந்தர்ப்பம் ஒன்று உண்டு. அதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்பது நமக்கு நல்லது.

2

மத்தேயோ ரிச்சி 1578-ல் கோவாவில் வந்து இறங்கியவர். 1580-ல் கொச்சியில் குருப்பட்டம் பெற்றார். 1583-ல் மிக்கேலே ருஜ்ஜேரியுடன் தென்சீனத்தின் ஜாவ்சிங் நகரில் குடியேறினார். முதல் பன்னிரண்டு வருஷம் தலையை மழித்து, புத்த பிக்குவின் அங்கியில் இருந்தார். பிக்குகளுக்கு அங்கே அதிகாரிகளிடத்தில் பெரிய மதிப்பில்லை என்பது மெதுவாகத்தான் புரிந்தது. 1595-ல் முடியும் தாடியும் வளர்த்து, பட்டு உடுத்தி, கன்பூசிய அறிஞர் வேஷத்துக்கு மாறினார். வேஷம் என்று இங்கே குறைத்துச் சொல்லவில்லை. உடையோடு நூல்களும் வந்தன. கன்பூசிய மூலநூல்களைப் பாடமாகப் படித்து, அந்த நடையிலேயே எழுதக் கற்றார். 1601-ல் பீகிங்கில் இருக்க அனுமதி கிடைத்தது. 1603-ல் கடவுளைப் பற்றிய அவருடைய சீன நூல் அச்சாயிற்று. ஷூ குவாங்சி என்ற அறிஞர் அதே வருஷம் ஞானஸ்நானம் பெற்றார். பின்னாளில் பேரரசின் மிக உயர்ந்த பதவிகளில் ஒன்றை எட்டிய அவரும் ரிச்சியும் சேர்ந்து யூக்ளிடின் முதல் ஆறு புத்தகங்களைச் சீனத்தில் கொண்டுவந்தார்கள். 1610-ல் ரிச்சி இறந்தார்.

ரிச்சியின் நிலைப்பாடு மூன்று முடிவுகளில் அடங்கும். பழைய சீன நூல்களில் வருகிற 'ஷாங்தி', அதாவது மேலான அரசன், கிறிஸ்தவர்களின் கடவுளேதான். கன்பூசியஸுக்குப் படித்தவர்கள் செய்யும் மரியாதை குருவுக்குச் செய்யும் மரியாதை. மூதாதையர் பலகை முன் வணங்குவது பெற்றோருக்குக் காட்டும் நன்றியின் தொடர்ச்சி. ஆகவே கிறிஸ்தவனாகும் சீனன் இவற்றை விட்டுவிட வேண்டியதில்லை.

அவருக்குப் பின் பொறுப்பேற்ற லொங்கோபார்தோவே இதைச் சந்தேகித்தார். ஷாங்தி என்ற சொல்லைச் சபைக்குள்ளேயே கைவிட்டார்கள். 1630-களில் மணிலாவிலிருந்து டொமினிக்கன், பிரான்சிஸ்கன் துறவிகள் ஃபூஜியன் மாகாணத்துக்கு வந்தபோது சச்சரவு வெளியே வந்தது. ஏசு சபையார் பழகியது தலைநகரங்களில், பரீட்சை தேறிய மனிதர்களோடு. புதிதாக வந்தவர்கள் பழகியது ஃபூஆன் வட்டாரத்துக் கிராமங்களில். 1635-ல் அங்கே ஒரு குலத்தின் சடங்கை மொராலெஸ் என்ற டொமினிக்கனும் அவருடைய பிரான்சிஸ்கன் தோழரும் நேரில் பார்த்தார்கள். படையல், மது, விளக்கு, முழந்தாளிடல். இது நன்றி அல்ல, வழிபாடு என்று முடிவுசெய்தார்கள். மொராலெஸ் 17 கேள்விகளோடு ரோமாபுரி போனார். 1645-ல் தடை வந்தது. ஏசு சபையார் மார்த்தினோ மார்த்தினியை அனுப்பினார்கள். அவர் வேறுவிதமாக விவரித்தார். 1656-ல் அனுமதி வந்தது. எந்த உத்தரவு செல்லும் என்று கேட்டபோது, 1669-ல் இரண்டுமே செல்லும், சூழ்நிலையைப் பொறுத்தது என்று பதில் வந்தது.

இதைப் படித்துச் சிரிக்கிறவர்கள் அலுவலகத்தில் வேலை பார்க்காதவர்கள். கேள்வி எழுதப்பட்ட விதத்திலேயே விடை இருக்கும். மொராலெஸ் விவரித்த சடங்கு தடைசெய்யப்பட வேண்டியது. மார்த்தினி விவரித்த சடங்கு அனுமதிக்கப்பட வேண்டியது. இருவரும் பொய் சொல்லவில்லை. ஒரே சடங்கைச் சமூகத்தின் இரண்டு தளங்களிலிருந்து பார்த்தார்கள், அவ்வளவுதான்.

இந்த இரட்டைத்தன்மை சீனர்களுக்குப் புதிதல்ல. கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில் ஷுன்ட்ஸு என்ற சிந்தனையாளர் இதைத் தெளிவாகவே பேசியிருக்கிறார்: பலி கொடுப்பதைச் சான்றோர் மனித நெறி என்று எடுத்துக்கொள்கிறார்கள், சாதாரண மக்கள் ஆவிகள் சம்பந்தப்பட்டது என்று எடுத்துக்கொள்கிறார்கள் என்பது அவர் கருத்து. இரு தரப்பையும் ஒரே சடங்குக்குள் உட்காரவைக்க முடிந்தது அந்த நாகரிகத்துக்கு. 'லி' என்ற அவர்களுடைய சொல் வழிபாடு, மரியாதை, ஒழுங்கு, நடத்தை எல்லாவற்றையும் ஒன்றாகக் குறிக்கும். அதை மதம், மதமல்லாதது என்று இரண்டாக வெட்டவேண்டும் என்பது ஐரோப்பாவின் தேவை. ரிச்சியும் மொராலெஸும் எதிரெதிர் முடிவுகளுக்கு வந்தார்கள். ஆனால் வெட்டியாகவேண்டும் என்பதில் இருவருக்கும் கருத்து வேற்றுமை இல்லை.

3

1692-ல் பேரரசர் காங்ஷி கிறிஸ்தவத்துக்குச் சட்டப்படி இடமளித்தார். மறுவருஷமே, 1693 மார்ச்சில், ஃபூஜியனுக்குப் பொறுப்பாக இருந்த பிரெஞ்சுக் குரு ஷார்ல் மேக்ரோ தன் வட்டாரத்தில் சடங்குகளைத் தடைசெய்தார். 'வானத்தை வணங்கு' என்று பொருள்படும் இரண்டெழுத்துப் பலகைகளையும் தேவாலயங்களிலிருந்து இறக்கச் சொன்னார். அந்த எழுத்துக்களைக் காங்ஷியே தன் கையால் எழுதி ஏசு சபையாருக்குக் கொடுத்திருந்தார் என்பது அந்த உத்தரவின் கனத்தைச் சொல்லும்.

1700-ல் ஏசு சபையார் நேராகப் பேரரசரிடமே போனார்கள். சடங்குகளின் பொருள் தாங்கள் புரிந்துகொண்டதுதானா என்று கேட்டார்கள். ஆம் என்றார் காங்ஷி. ரோமாபுரியில் இது எரிச்சலையே உண்டாக்கியது. விசுவாச விஷயத்தில் புறமதத்து அரசன் சாட்சியா என்றார்கள். சீனச் சொல்லின் பொருளைச் சீனர்களின் தலைவனிடம் கேட்பதில் என்ன தவறு என்பது இன்று நமக்குத் தோன்றுகிற கேள்வி. ஆனால் அதிகாரத்திடம் போய் அர்த்தம் கேட்பதில் ஒரு தவறு இருக்கத்தான் செய்கிறது. ஃபூஆன் கிராமத்து விதவை பலகை முன் என்ன நினைக்கிறாள் என்பதைக் காங்ஷி மட்டும் எப்படி அறிவார்?

1704 நவம்பரில் போப் பதினோராம் கிளெமென்ட் தடையை உறுதிசெய்தார். தூதராக அனுப்பப்பட்ட தூர்னோன் 1705 டிசம்பரில் பீகிங் சேர்ந்தார். பேச்சு எங்கும் போய்ச் சேரவில்லை. சீன விஷயங்கள் அறிந்தவர் என்று மேக்ரோவை அழைத்தார்கள். 1706 ஆகஸ்டில் ஜெஹோலில் உள்ள கோடை மாளிகையில் மேக்ரோ காங்ஷியின் முன் நின்றார். அவர் சார்போன் பல்கலைக்கழகத்தின் இறையியல் பண்டிதர். சீனத்தில் இருபது வருஷத்துக்கு மேல் இருந்தவர். பேரரசர் சிம்மாசனத்துக்குப் பின்னால் எழுதியிருந்த நான்கு எழுத்துக்களைக் காட்டிப் படிக்கச் சொன்னார். நான்கையும் அவரால் படிக்க முடியவில்லை. ஃபூஜியன் பேச்சுமொழி மட்டும் பழகியிருந்ததால் அரசவைச் சம்பாஷணைக்கும் மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டார். எழுத்தே தெரியாதவன் எழுத்தின் பொருளைப் பற்றித் தீர்ப்புச் சொல்கிறான் என்று காங்ஷி கோபம் கொண்டார். அந்த வருஷ முடிவில் மேக்ரோ வெளியேற்றப்பட்டார். ரிச்சியின் வழியை ஏற்பதாக உறுதிகூறி அனுமதிச்சீட்டு வாங்குகிறவர்கள் மட்டுமே சீனத்தில் இருக்கலாம் என்று ஆணை பிறந்தது. தூர்னோன் 1707 தொடக்கத்தில் நான்ஜிங்கில் தன் தடையை அறிவித்தார். மக்காவுக்கு அனுப்பப்பட்டு, அங்கே போர்த்துக்கீசியரின் காவலில், 1710-ல் இறந்தார்.

ஜெஹோல் காட்சியை மேக்ரோவின் எதிரணியினர் ரசித்து எழுதியிருக்கிறார்கள். நானும் முதலில் ரசித்தேன். ஆனால் எழுத்துத் தெரிந்தவர்கள் மட்டும் என்ன செய்தார்கள்? ஏசு சபையைச் சேர்ந்த புவே என்ற பிரெஞ்சு அறிஞர் சீனப் பழைய நூல்களிலும் எழுத்துக்களிலும் விவிலியத்தின் ரகசியங்கள் ஒளிந்திருப்பதாக நம்பினார். அவர் வழிவந்தவர்களின் ஆசை இன்றும் சாகவில்லை. படகைக் குறிக்கும் சீன எழுத்தைப் பிரித்தால் கலம், எட்டு, வாய் என்று வருகிறது. நோவாவின் பேழையில் எட்டுப் பேர். ஆகவே சீனர்கள் ஆதியிலேயே அறிந்திருந்தார்கள் என்ற வாதம் 1979-ல் காங், நெல்சன் என்ற இருவர் எழுதிய ஆங்கில நூலால் பரவலாயிற்று. உண்மையில் அந்த எழுத்தின் வலப்பகுதி உச்சரிப்பைக் காட்ட வந்தது. எட்டுப் பேரும் அங்கே இல்லை.

நம் வட்டத்தில் சீன எழுத்து என்றதும் நினைவுக்கு வருகிற பெயர் எஸ்ரா பவுண்ட். கல்லூரியில் ஆங்கிலம் படித்த எங்கள் தலைமுறைக்கு சீனம் அவர் வழியாகத்தான் வந்தது. ஃபெனொலோசாவின் குறிப்புகளை 1919-ல் அவர் வெளியிட்டதிலிருந்து, சீன எழுத்து ஒரு சித்திரம், உற்றுப் பார்த்தால் பொருள் தெரியும் என்ற எண்ணம் கவிஞர்களிடையே ஊறிவிட்டது. அதிலிருந்து நல்ல கவிதைகள் பிறந்தன என்பதை மறுக்கமாட்டேன். ஆனால் மிகப் பெரும்பாலான சீன எழுத்துக்களில் ஒரு பகுதி ஒலியைக் காட்டுவது. கார்டினல்கள், புவே, பவுண்ட் மூவரும் ஒரே இடத்தில் சறுக்குகிறார்கள். அர்த்தம் எழுத்துக்குள் இருக்கிறது, பிளந்து பார்த்தால் அகப்படும் என்கிற இடம் அது. எழுத்தைப் புழங்குகிற மனிதன் அந்த ஆராய்ச்சியில் வருவதே இல்லை.

4

தூர்னோன் ஐரோப்பாவிலிருந்து நேராகச் சீனம் போகவில்லை என்பதை நாம் அதிகம் கவனித்ததில்லை. 1703 நவம்பரில் அவர் இறங்கியது பாண்டிச்சேரியில். எட்டு மாதம் அங்கேயே இருந்தார். மதுரை, மைசூர், கர்நாடகத்து உள்பகுதிகளுக்கு அவர் போகவில்லை. அங்கிருந்து 1704 ஜூன் 23 தேதியிட்டு 16 விதிகள் கொண்ட ஆணையை வெளியிட்டார். சீனத்துக்குத் தடை கொண்டுபோன கை, வழியில் தமிழ்நாட்டில் ஒத்திகை பார்த்துவிட்டுப் போயிற்று.

1606-லிருந்து மதுரையில் நொபிலி செய்தது, ரிச்சி செய்ததன் தமிழ் வடிவம். 1623-ல் போப் பதினைந்தாம் கிரகோரி பூணூல், குடுமி, சந்தனம், நீராடல் ஆகியவற்றைத் தாற்காலிகமாக அனுமதித்திருந்தார். தூர்னோனின் விதிகள் மீதியிருந்த வழக்கங்களுக்குள் நுழைந்தன. தாலியில் பிள்ளையார் உருவம் கூடாது. 108 இழை மஞ்சள் கயிறு கூடாது. கல்யாணத்தில் தேங்காய் உடைக்கக் கூடாது. பெண் பூப்படைந்தால் விழா எடுக்கக் கூடாது. நெற்றிக் குறிகளும் சாம்பலும் கூடாது. கிறிஸ்தவ மேளக்காரர்கள் கோயில்களில் வாசிக்கக் கூடாது. புறமதக் கதைகள் அடங்கிய நூல்களை அனுமதியின்றிப் படிக்கக் கூடாது. ஞானஸ்நானத்தில் குருவின் எச்சிலைத் தொட்டு வைப்பதைத் தமிழர் அருவருக்கிறார்கள் என்று விட்டுவிடக் கூடாது.

இவ்வளவையும் படித்து, தமிழறியாத ஒரு வெளியூர்க்காரரின் அறியாமை என்று ஒதுக்கிவிடத் தோன்றும். ஆனால் அதே பட்டியலில் இன்னொரு விதி இருக்கிறது: பறையர் வீட்டில் நோயாளி சாகக் கிடந்தால் குரு அந்த வீட்டுக்குள் போய்த்தான் இறுதித் திருவருட்சாதனங்களைக் கொடுக்கவேண்டும். அதுவரை என்ன நடந்துகொண்டிருந்தது என்பதை இந்த விதி சொல்லாமல் சொல்கிறது. பிராமண, வேளாளரிடையே மதிப்பை இழக்கக்கூடாது என்பதற்காகக் குருக்கள் அந்த வாசலைத் தாண்டவில்லை.

பண்பாட்டுக்கு இணங்கிப்போவது என்று நாம் இன்று உற்சாகமாகச் சொல்கிறபோது, யாருடைய பண்பாட்டுக்கு என்று கேட்கவேண்டியிருக்கிறது. ரிச்சி இணங்கியது பட்டு உடுத்தியவர்களின் சீனத்துக்கு. நொபிலிக்குப் பின் மதுரை மிஷன் இணங்கியது சாதிக்கு. தாலியும் தேங்காயும் சாதியும் ஒரே மூட்டையில் 'உள்ளூர் வழக்கம்' என்று கட்டப்பட்டிருந்தன. தூர்னோன் மூட்டையைப் பிரிக்காமல் முழுவதையும் வீசினார். ஏசு சபையார் பிரிக்காமல் முழுவதையும் சுமந்தார்கள்.

முடிவு என்ன ஆயிற்று என்பது இன்னும் கசப்பானது. 1744-ல் போப் பதினான்காம் பெனடிக்ட் மலபார் சடங்குகள் பற்றிய இறுதித் தீர்ப்பைச் சொன்னார். குறியீடுகள் பற்றிய தடைகள் பெரும்பாலும் நிலைத்தன. பறையர் வீட்டு விதிக்கு மட்டும் ஒரு சமரசம் கிடைத்தது: அவர்களுக்கென்று தனியாகக் குருக்களை வைத்துக்கொள்ளலாம் என்ற ஏசு சபையாரின் யோசனையை ரோமாபுரி ஏற்றுக்கொண்டது. தாலியின் உருவத்தில் விட்டுக்கொடுக்காத ஸ்தாபனம், தீண்டாமையில் விட்டுக்கொடுத்தது. குறியீட்டைப் பற்றி மட்டும் கவலைப்படுகிறவர்கள் எதைக் கவனிக்கத் தவறுவார்கள் என்பதற்கு இதைவிட உதாரணம் எனக்குத் தெரியாது.

5

இந்த விவகாரம் முழுவதும் ஐரோப்பியர்களின் வாக்குவாதமாகவே நீண்டகாலம் எழுதப்பட்டது. சீனக் கிறிஸ்தவர்கள் என்ன சொன்னார்கள் என்பதை நிக்கோலாஸ் ஸ்டாண்டர்ட் என்ற பெல்ஜிய அறிஞர் 2012-ல் வெளியான தன் நூலில் ஆராய்ந்தார். 1701, 1702-ல் பல நகரங்களிலிருந்து ஏறத்தாழ 60 கடிதங்கள், சுமார் 430 பேர் கையெழுத்துடன் ரோமாபுரிக்குப் போயிருக்கின்றன. பலகையிடம் வரம் கேட்கவில்லை, பெற்றவர்களை நினைக்கிறோம் என்பது அவற்றின் சாரம். தங்கள் நூல்களிலிருந்தும் தங்கள் வீடுகளிலிருந்தும் ஆதாரம் காட்டியிருக்கிறார்கள். தீர்ப்பில் அவை எடை பெறவில்லை.

நான் வங்கியில் வேலை பார்ப்பவன். காசோலையில் இருக்கிற கையெழுத்தையும் திரையில் வருகிற மாதிரிக் கையெழுத்தையும் ஒத்துப் பார்ப்பது அன்றாட வேலை. பக்கவாதம் வந்த கிழவரின் கையெழுத்து ஒத்துப்போகாது. எதிரில் அவரே நின்றுகொண்டிருப்பார். கோடு ஒத்துப்போகவில்லை என்பதற்காக அவர் அவரில்லை என்று ஆகிவிடுமா? அந்த 430 பேரும் எதிரில் நின்று சொன்னார்கள். ரோமாபுரி மாதிரிக் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

இவர்களிடையே வாழ்ந்த ஒரு கவிஞனைப் பற்றி இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்குச் சொல்லியாகவேண்டும். வூ லி, 1632-ல் சாங்ஷுவில் பிறந்தவர். தொடக்க ச்சிங் காலத்து ஓவிய மேதைகள் அறுவரில் ஒருவர் என்று இன்றும் எண்ணப்படுகிறவர். ஐம்பது வயதை நெருங்குகையில் ஐரோப்பா போகும் எண்ணத்துடன் மக்காவ் வந்தார். பயணம் அமையவில்லை. அங்கேயே ஏசு சபையில் சேர்ந்தார். 1688-ல் நான்ஜிங்கில் அவருக்கும் மற்ற இருவருக்கும் குருப்பட்டம் கொடுத்தவர் முதல் சீன ஆயரான லுவோ வென்ட்ஸாவ். டொமினிக்கன் சபையைச் சேர்ந்தவராக இருந்தும் அந்த ஆயர் சடங்கு விஷயத்தில் ஏசு சபையாரின் பக்கம் நின்றார் என்பது குறிப்பிடத்தக்கது. வூ லி ஷாங்ஹாய், ஜியாதிங் பகுதிகளில் முப்பது வருஷம் குருவாக அலைந்து 1718-ல் இறந்தார்.

மக்காவில் வூ லி எழுதிய குறிப்புகளில் ஐரோப்பிய ஓவியத்தையும் சீன ஓவியத்தையும் ஒப்பிடுகிறார். அவர்கள் ஒளியிலும் நிழலிலும் உருவ ஒப்புமையிலும் உழைக்கிறார்கள், நாம் உருவ ஒப்புமையைத் தேடுவதில்லை என்கிற ரீதியில் போகிறது பேச்சு. அவர்கள் எழுத்தில் ஒலி முதலில், நம் எழுத்தில் கோடு முதலில் என்றும் கவனிக்கிறார். எந்தப் பக்கத்தையும் அவர் தாழ்த்தவில்லை. கிறிஸ்தவராகி, குருவாகி, அதற்குப் பிறகும் தூரிகை பிடித்தபோது சீனத்து மலையையும் நீரையுமே வரைந்தார்.

கவிதையில் அவர் செய்தது இன்னும் கடினமானது. திரித்துவம், பலிபூசை, அவதாரம் ஆகியவற்றைச் சீனச் செய்யுள் மரபின் யாப்பிலும், நாடக இசைப்பாட்டு மெட்டுகளிலும் எழுதிப் பார்த்தார். பழைய நூல்களில் வேறு அர்த்தத்தில் தோய்ந்து கிடக்கிற சொற்களை எடுத்து, அந்தத் தோய்வு போகாமலே புதிய இடத்தில் வைக்கவேண்டும். இவ்வகைக் கவிதை எழுதுவதுதான் எல்லாவற்றிலும் கடினம் என்று அவர் ஒருமுறை தன்னோடு இருந்தவரிடம் சொன்னதை ஜாவ் லுன் என்பவர் குறித்து வைத்திருக்கிறார். சில கவிதைகளில் இறையியல் விறைத்து நிற்கிறது. சிலவற்றில் சொல்லும் பொருளும் கலந்துவிடுகின்றன என்பது மொழிபெயர்ப்புகளில் படிக்கிற எனக்கே தெரிகிறது. தோல்வியும் வெற்றியும் கலந்த அந்த முயற்சியைச் சடங்கு விவகாரத்துக்குக் கிடைத்த மிகச் சரியான விடையாக நான் நினைக்கிறேன். பலகை என்ன பொருள்படுகிறது என்று அவர் வாதிடவில்லை. பழைய சொல் புதிய பொருளைத் தாங்குமா என்பதை எழுதிப் பார்த்தார். நம் பக்கத்தில், புறமதக் கதைகளைப் படிக்கக்கூடாது என்ற தூர்னோன் விதிக்குச் சில வருஷங்களுக்குப் பின் வந்த வீரமாமுனிவர், அந்தக் காவியங்களில் தோய்ந்தல்லவா தேம்பாவணி எழுதினார்.

6

மற்றவை விரைவாகச் சொல்லக்கூடியவை. 1715-ல் பதினோராம் கிளெமென்ட் மறுபடி தடைவிதித்து, எல்லாக் குருக்களும் சத்தியம் செய்யவேண்டும் என்றார். அதில் ஒரு சலுகை: இறந்தவரின் பெயர் மட்டும் எழுதிய பலகையை வைத்துக்கொள்ளலாம். பெயர் இருக்கலாம், ஷென் கூடாது, ஜு கூடாது, புள்ளி கூடாது. அந்த ஆணையின் மொழிபெயர்ப்பைப் படித்த காங்ஷி, இவர்களும் மற்றச் சில்லறைச் சமயத்தாரைப் போலத்தான், இனி இங்கே போதிக்க வேண்டாம் என்று சிவப்பு மையில் எழுதினார். 1724-ல் அவர் மகன் யோங்ஜெங் கிறிஸ்தவத்தையே தடைசெய்தார். 1742-ல் பதினான்காம் பெனடிக்ட் விவாதத்துக்கே முற்றுப்புள்ளி வைத்தார். இனி யாரும் இதைப் பற்றிப் பேசக்கூடாது. அதற்குப் பின் சீனத்தில் கிறிஸ்தவனாக இருப்பது என்றால் பெற்றோரின் பலகையை விட்டுப் பிரிவது என்று ஆயிற்று. பரீட்சை எழுதிப் பதவிக்கு வரும் எவனும் கன்பூசியஸுக்கு மரியாதை செய்தாகவேண்டிய நாட்டில், படித்தவனுக்குக் கதவு அடைபட்டது.

1939 டிசம்பர் 8-ல் பன்னிரண்டாம் பயஸ் காலத்தில் தடை நீங்கியது. சத்தியமும் நீக்கப்பட்டது. மலபார் சடங்குகள் பற்றிய சத்தியம் 1940-ல் போயிற்று. காரணம் என்ன சொன்னார்கள் என்பதைக் கவனிக்கவேண்டும். முன்னர் எடுத்த தீர்ப்பு தவறு என்று சொல்லவில்லை. காலம் மாறிவிட்டது, இச்சடங்குகள் இப்போது வெறும் சமூக மரியாதைகளே என்றார்கள். பேரரசு ஒழிந்து, பரீட்சை ஒழிந்து, கன்பூசியஸுக்கு அரசு செய்த பலிகள் ஒழிந்தபின் அனுமதி வந்தது. உயிரோடு இருந்தவரை தடைசெய்யப்பட்ட குறியீடு, உயிர் போய்விட்டது என்று சான்றிதழ் கொடுத்தபின் அனுமதிக்கப்பட்டது.

பலரும் 1939-ஐ ரிச்சியின் வெற்றி என்கிறார்கள். எனக்கு அதில் முழுச் சம்மதமில்லை. சடங்கு வெறும் மரியாதைதான், உள்ளே ஒன்றுமில்லை என்பது ரிச்சி வழியினர் ஆரம்பத்திலிருந்தே கொடுத்துவந்த விலை. அவர்கள் சடங்கைக் காப்பாற்ற அதைக் காலிசெய்தார்கள். எதிரணியினர் அதில் பொருள் நிரம்பியிருக்கிறது என்றார்கள். அதனாலேயே ஒழிக்கச் சொன்னார்கள். ஒருவிதத்தில் சடங்கை அதிகம் மதித்தவர்கள் அதைத் தடைசெய்தவர்களே.

இரண்டுக்கும் நடுவே வேறொன்று இருந்தது. கன்பூசியஸ் மூதாதையருக்குப் படைக்கும்போது அவர்கள் எதிரில் இருப்பதுபோலவே நடந்துகொண்டார் என்று அவர் மாணவர்கள் குறித்திருக்கிறார்கள். இருக்கிறார்கள் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இருப்பது 'போல'. நம் மொழியில் இதற்குப் பாவனை என்று ஒரு சொல் இருக்கிறது. அதைப் பாசாங்கு என்ற அர்த்தத்திலேயே இப்போது அதிகம் புழங்குகிறோம். மனத்தில் ஒன்றை உண்டாக்கி அதில் நிலைத்திருத்தல் என்ற பழைய அர்த்தமும் அதற்கு உண்டு. பலகை முன் குனிகிற மகன் பாசாங்கு செய்யவில்லை. அங்கே தகப்பன் உட்கார்ந்திருப்பதாக ஓர் உண்மையை அறிவிக்கவும் இல்லை. பாவனை செய்கிறான். உண்டு, இல்லை என்ற இரண்டு பத்திகள் மட்டுமே இருந்த ரோமாபுரிக் கோப்பில் உவம உருபுக்கு இடம் இருக்கவில்லை.

1971 சீனப் புத்தாண்டில் தைவானில் கார்டினல் யூ பின் முன்னின்று கத்தோலிக்கர்களின் மூதாதையர் வணக்கத்தை நடத்தினார். பலகை திரும்பி வந்தது. நெடுங்காலம் அதைத் தொடாமல் இருந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அது எதுவாக இருக்கிறது என்பதை ஆணைகளால் தீர்மானிக்க முடியாது. மரபைத் திரும்ப எடுத்துக்கொள்வது, அதை விட்டுவிடாமல் இருந்ததற்குச் சமமாகாது என்பதை மட்டும் சொல்லலாம்.

நம் விமர்சனத்தில், கவிதையில் வருகிற பழைய படிமத்தை, கோபுரத்தையோ குலதெய்வத்தையோ திருநீற்றையோ பார்த்ததும், கவிஞன் இதை நம்புகிறானா இல்லையா என்று கேட்கிற பழக்கம் இருக்கிறது. நம்பினால் பிற்போக்கு, நம்பாவிட்டால் அலங்காரம். மொராலெஸ் கேட்ட கேள்வியும் மார்த்தினி சொன்ன விடையும் இவைதான். அந்தப் படிமம் அந்த வரியில் என்ன வேலை செய்கிறது, யாரை உள்ளே விடுகிறது, யாரை வாசலுக்கு வெளியே நிறுத்துகிறது என்று கேட்டிருக்கலாம். பறையர் வீட்டு வாசலை நினைத்துக்கொண்டால் கடைசிக் கேள்வியை விட்டுவிடத் தோன்றாது.